விரல் மூட்டு வீங்கினால் "வயசாச்சு" என்று சொல்லி அனுப்பாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன ஞாயிற்றுக்கிழமை உங்கள் நாளிதழின் மருத்துவப் பக்கத்தில் மூட்டுவலி பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். எடையைக் குறையுங்கள், நடங்கள், பால் குடியுங்கள் என்று எழுதியிருந்தது. முழங்கால் தேய்மானத்துக்கு அதெல்லாம் நல்ல யோசனைதான், மறுக்கவில்லை. ஆனால் சரவாங்கி என்று நம் பக்கம் சொல்கிற முடக்குவாதத்துக்குக் கடைசியில் ரெண்டே வரி. அது பெண்களுக்குத்தான் அதிகமாக வருகிறது, ஆண்களுக்கு வந்தால் வேறு மாதிரி போகிறது என்பது பற்றி அந்த ரெண்டு வரியிலும் ஒன்றும் இல்லை. அதைச் சொல்லாமல் மூட்டுவலி பற்றி எழுதினால், யாருக்கு அந்தக் கட்டுரை அவசரமாகத் தேவையோ அவர்கள் "நமக்கும் தேய்மானம்தான் போல" என்று பக்கத்தை மடித்து வைத்துவிடுவார்கள். அதனால்தான் இந்தக் கடிதம். நீளமாகத்தான் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் டாக்டர் இல்லை. காரைக்குடியில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் பல வருஷமாக வேலை பார்க்கிறேன். ரத்தம் எடுப்பது, மெஷினில் வைப்பது, ரிப்போர்ட் அடிப்பது என் வேலை. நோய்க்கு மருந்து சொல்ல எனக்குத் தகுதி இல்லை, சொல்லவும் போவதில்லை. ஆனால் காலை ஏழு மணிக்கு வெறும் வயிற்றோடு வந்து உட்காருகிறவர்களின் கையை எந்த டாக்டரும் பார்க்காத நேரத்தில் நான் பார்க்கிறேன்.

ரத்தம் எடுக்கும்போது மேல்கையில் ரப்பர் பட்டையைக் கட்டிவிட்டு, "கையை இறுக்கி மூடிக்கோங்க" என்போம். நரம்பு நன்றாகத் தெரிவதற்காக. எல்லாரும் சட்டென்று மூடுவார்கள். சில பெண்களுக்கு மட்டும் விரல்கள் பாதி வரைக்கும் வந்து நின்றுவிடும். பள்ளத்தூர்ப் பக்கத்திலிருந்து சுகர் பார்க்க வரும் ஒரு ஆச்சி, "மூட வரலை ஆத்தா, காலையில அப்படித்தான், போகப் போகச் சரியாயிரும்" என்றார்கள். சுட்டுவிரலிலும் நடுவிரலிலும் முட்டி எலும்பு இருக்க வேண்டிய இடம் மேடும் பள்ளமுமாகத் தெரியாமல் ஒரே உப்பலாக இருந்தது. மணிக்கட்டும் அப்படித்தான். மோதிரம் போட்ட தழும்பு இருக்கிறது, மோதிரம் இல்லை. சாப்பிட்டுவிட்டு ரெண்டு மணி நேரம் கழித்து மறுபடி ரத்தம் கொடுக்க வந்தபோது அதே கையை ஓரளவு மூடினார்கள். டாக்டரைப் பார்க்கப் போவது பதினோரு மணிக்கு. அதற்குள் விரல் இளகிவிடும். "விரலை மடக்கிக் காட்டுங்க" என்றால் மடக்கிக் காட்டுவார்கள். சீட்டில் கால்சியம் மாத்திரை எழுதப்படும்.

காலையில் எழுந்ததும் ஒரு மணி நேரத்துக்கு மேல் விரல்கள் விறைத்துக் கிடப்பது, வேலை செய்யச் செய்ய இளகுவது, ரெண்டு கையிலும் ஒரே மாதிரி வீங்குவது, இதெல்லாம் சரவாங்கிக்கு உண்டான அடையாளங்கள். தேய்மானம் இதற்கு நேர் எதிர். வேலை செய்யச் செய்ய வலி கூடும், உட்கார்ந்தால் குறையும், காலை விறைப்பு அரை மணி நேரத்துக்குள் போய்விடும். விரல்களில் எந்த மூட்டு என்பதிலும் வித்தியாசம் உண்டு. நகத்துக்குப் பக்கத்து மூட்டில் முண்டு கட்டினால் பெரும்பாலும் அது தேய்மானம். விரல் தொடங்குகிற முட்டியும் நடு மூட்டும் மணிக்கட்டும் மெத்தென்று வீங்கினால் அது வேறு சங்கதி. தேய்மானத்தில் குருத்தெலும்பு தேய்கிறது. சரவாங்கியில் நம்மைக் காக்க வேண்டிய எதிர்ப்பு சக்தியே மூட்டின் உள் சவ்வைத் தாக்குகிறது. கவனிக்காமல் விட்டால் எலும்பையே அரித்து விரலைக் கோணலாக்கிவிடும். கோணிய பிறகு எந்த மருந்தும் அதை நிமிர்த்தாது.

இப்போது பெண்கள் விஷயத்துக்கு வருகிறேன். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2019-ல் உலகத்தில் சுமார் 1 கோடியே 80 லட்சம் பேருக்கு இந்த நோய் இருந்தது. அதில் ஏறக்குறைய 70 சதவீதம் பெண்கள். அதாவது ஒரு ஆணுக்கு ரெண்டு மூன்று பெண்கள். ஏன் இப்படி என்பதற்கு ஒரே பதில் கிடையாது. எதிர்ப்பு சக்தி சம்பந்தமான பல மரபணுக்கள் எக்ஸ் குரோமோசோமில் இருக்கின்றன, பெண்களுக்கு அது ரெண்டு. ஒன்றை உடம்பு அடக்கி வைத்தாலும் முழுதாக அடங்குவதில்லை என்கிறார்கள். ஹார்மோனும் சேர்ந்துகொள்கிறது. மாதவிடாய் நிற்கிற வயதை ஒட்டித்தான் நிறையப் பெண்களுக்கு நோய் தலைகாட்டுகிறது, 45 வயதுக்கு முன்னாலேயே மாதவிடாய் நின்றவர்களுக்கு வாய்ப்பு இன்னும் கூடுதல். ஆண்களுக்குப் பொதுவாக இன்னும் கொஞ்சம் வயதான பிறகுதான் வரும்.

கர்ப்பத்துக்கும் இந்த நோய்க்கும் உள்ள தொடர்பு எனக்குப் படிக்கப் படிக்க ஆச்சரியமாக இருக்கும். சரவாங்கி உள்ள பெண்களில் பாதிப் பேருக்கு மேல் கர்ப்ப காலத்தில் வலியும் வீக்கமும் தானாகக் குறைகின்றன. குழந்தை பிறந்து சில மாதங்களில் திரும்ப வருகின்றன. அமெரிக்காவில் மேயோ கிளினிக்கில் இருந்த பிலிப் ஹெஞ்ச் என்ற டாக்டர் இதைக் கவனித்து 1938-லேயே எழுதினார். கர்ப்பிணிகளின் உடம்பில் இந்த நோயை அடக்குகிற ஏதோ ஒரு பொருள் சுரக்கிறது என்று அவர் நினைத்தார், அது என்ன என்று தேடிக்கொண்டே போனதில்தான் கார்ட்டிசோன் என்ற மருந்தில் போய் முடிந்தது. 1948 செப்டம்பரில் 29 வயதுப் பெண் ஒருவருக்கு முதல் ஊசி. படுத்த படுக்கையாக இருந்தவர் சில நாளில் எழுந்து நடந்தார். 1950-ல் ஹெஞ்சுக்கும் உடன் வேலை செய்த கெண்டலுக்கும், சுவிட்சர்லாந்தின் ரைக்ஸ்டைனுக்கும் நோபல் பரிசு கிடைத்தது. பெண்களின் உடம்பில் நடந்ததை ஒருத்தர் அலட்சியப்படுத்தாமல் கேட்டதாலும் வந்த மருந்து அது. (அந்த மருந்தே இப்போது நம் ஊரில் என்ன பாடு படுத்துகிறது என்பதைப் பின்னால் சொல்கிறேன்.)

குழந்தை பிறந்து முதல் வருஷத்துக்குள் இந்த நோய் புதிதாகத் தொடங்குவதும் உண்டு. நம் வீடுகளில் என்ன நடக்கிறது? பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்கு வந்த பெண், பிள்ளையைத் தூக்க மணிக்கட்டு வலிக்கிறது, ஜாக்கெட் ஊக்கு மாட்ட விரல் வரவில்லை என்கிறாள். "பச்ச உடம்பு, பத்தியம் சரியா இருக்கல, வாயு புடிச்சிருக்கு" என்று சொல்லி பூண்டுக் குழம்பு வைத்துக் கொடுக்கிறோம். பிரியத்தோடுதான் செய்கிறோம், சந்தேகமே இல்லை. ஆனால் அந்த மணிக்கட்டை ஒருத்தரும் அழுத்திப் பார்ப்பதில்லை. நாற்பத்தைந்து வயதில் வந்தால் "தீட்டு நிக்கிற நேரம், அப்படித்தான் இருக்கும்." அறுபதில் வந்தால் "வயசாச்சு." இடையில் எப்போது வந்தாலும் "வேலை ஜாஸ்தி." இன்னும் சிலர் 2006-ல் வந்த சிக்குன்குனியாவின் மேல் பழியைப் போடுகிறார்கள். அந்தக் காய்ச்சல் மூட்டுவலியை மாதக்கணக்கில் விட்டுப்போனது உண்மைதான், சிலருக்கு வருஷக்கணக்கிலும் இருந்தது. அதற்காக இன்று புதிதாக வீங்குகிற விரலுக்கும் அதுவே காரணம் என்று எப்படிச் சொல்வது?

செட்டிநாட்டில் பெண்களின் பிழைப்பே விரலில்தான் இருக்கிறது. பனை ஓலையை நாராகக் கிழித்துக் கொட்டான் முடைகிறவர்கள், ஆர்டர் எடுத்துத் தேன்குழலும் மணகோலமும் சீப்புச் சீடையும் போடுகிறவர்கள், பெரிய வீடுகளில் பாத்திரம் விளக்குகிறவர்கள், தறியில் உட்காருகிறவர்கள். ஒரு கல்யாண ஆர்டர் வந்தால் விடியற்காலை நாலு மணிக்குத் தேன்குழல் அச்சை ரெண்டு கையாலும் அழுத்தியாக வேண்டும். விரல் விறைக்கிற நேரமும் அதேதான். எனக்குத் தெரிந்த ஒரு பெண், மாவைச் சுடுதண்ணீர் விட்டு இன்னும் தளரப் பிசைந்துகொண்டு, அச்சைத் தன் மகளிடம் கொடுத்துவிட்டு, அடுப்புப் பக்கம் மட்டும் தான் நின்று ரொம்ப நாள் சமாளித்தார். வெளியே ஒருத்தருக்கும் தெரியாது. கை வராது என்று தெரிந்தால் ஆர்டர் வேறு இடத்துக்குப் போய்விடும் என்ற பயம். பெண்கள் இப்படி மறைத்துச் சமாளிக்கிற மாதங்கள்தான் இந்த நோய்க்கு முக்கியமான மாதங்கள். ஒரு மூட்டில் வீக்கம் தெரிந்தால் ஆறு வாரத்துக்குள் வாதநோய் நிபுணர் பார்த்துவிட வேண்டும், முதல் மூன்று மாதத்துக்குள் சரியான மருந்து தொடங்கிவிட வேண்டும் என்று ஐரோப்பிய வாதநோய் மருத்துவர்களின் வழிகாட்டுதல் சொல்கிறது. நம்மிடம் முதல் ரிப்போர்ட்டுக்கு வரும்போதே வருஷம் தாண்டியவர்கள் இருக்கிறார்கள்.

என் வேலை சம்பந்தமான ஒரு விஷயத்தைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதைப் பற்றி யாரும் எழுதிப் பார்த்ததில்லை. மூட்டுவலி என்று வருகிறவர்களுக்குப் பெரும்பாலும் எழுதப்படுவது ஈ.எஸ்.ஆர்., யூரிக் ஆசிட், கால்சியம், கூடிப் போனால் சரவாங்கிக்காகப் பார்க்கிற ஆர்.ஏ. ஃபேக்டர். இதில் ஈ.எஸ்.ஆர். என்பது ரத்தச் சிவப்பணுக்கள் ஒரு மணி நேரத்தில் குழாயில் எவ்வளவு இறங்குகின்றன என்ற கணக்கு. உடம்பில் அழற்சி இருந்தால் வேகமாக இறங்கும். பெண்களுக்கு இயல்பாகவே இது ஆண்களைவிடக் கூடுதல். ஐம்பது வயதுக்குக் கீழே ஆண்களுக்கு 15 வரை, பெண்களுக்கு 20 வரை சாதாரணம் என்று ரிப்போர்ட்டில் போடுகிறோம். ஐம்பதுக்கு மேல் 20, 30. சரி, இதில் என்ன சிக்கல்? ரத்தசோகை இருந்தாலும் ஈ.எஸ்.ஆர். ஏறும். 2019–21 தேசிய குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் பாதிக்கு மேல் ரத்தசோகை. ஆகவே ஒரு பெண்ணுக்கு ஈ.எஸ்.ஆர். 55 என்று வந்தால், "ஹீமோகுளோபின் 9 தானே இருக்கு, அதனால ஏறியிருக்கு, இரும்புச்சத்து மாத்திரை சாப்பிடுங்க" என்று முடிந்துவிடுகிறது. ஆனால் சரவாங்கியே ரத்தசோகையை உண்டாக்கும்! நோய் ரத்தத்தைக் குறைக்கிறது, குறைந்த ரத்தம் நோயை மறைக்கிறது. இதே 55 ஒரு ஆணுக்கு வந்தால் "என்னமோ இருக்கு, பார்க்கணும்" என்று மேற்கொண்டு டெஸ்ட் எழுதுகிறார்கள். ஆண்களுக்குப் பதறுகிற அதே எண்ணைப் பெண்களுக்குச் சாதாரணமாக எடுத்துக்கொள்வதை நான் அடிக்கடி பார்க்கிறேன். அழற்சியைக் காட்டுகிற சி.ஆர்.பி. என்று இன்னொரு டெஸ்ட் இருக்கிறது. ரத்தசோகை அதை இப்படிக் குழப்பாது. ரெண்டையும் சேர்த்துப் பார்த்தால் தெளிவு கிடைக்கும்.

ஆர்.ஏ. ஃபேக்டர் கதையும் இருக்கிறது. நோய் உள்ளவர்களில் 70, 80 சதவீதம் பேருக்குத்தான் அது பாசிட்டிவ் வரும், தொடக்கத்தில் அதைவிடக் குறைவு. நோயே இல்லாத சிலருக்கும், வயதானவர்களுக்கும்கூடப் பாசிட்டிவ் வரலாம். எனவே நெகட்டிவ் என்று வந்ததும் "அப்பாடா, ஒண்ணுமில்ல" என்று வீட்டுக்குப் போவதும் தப்பு, பாசிட்டிவ் என்றதும் ஓவென்று அழுவதும் தப்பு. ஆன்ட்டி சி.சி.பி. என்ற டெஸ்ட் இதைவிட உறுதியானது. அது பாசிட்டிவ் என்றால் பெரும்பாலும் இந்த நோய்தான். விலை கூடுதல் என்பதால் எழுதத் தயங்குகிறார்கள், எழுதினாலும் "அப்புறம் எடுத்துக்கிறேன்" என்று தள்ளிப்போடுகிறார்கள். வீட்டுக்காரருக்கு முழு உடம்புப் பரிசோதனை பேக்கேஜ் எடுக்கிற அதே வீட்டில் இது நடக்கிறது என்பதையும் சொல்லியாக வேண்டும்.

ஆண்களை விட்டுவிட்டதாக நினைக்க வேண்டாம். அவர்கள் கதை வேறு. ஒரு ஆணுக்கு மூட்டு வீங்கினால் முதலில் எல்லாரும் சொல்வது யூரிக் ஆசிட், கறியை நிறுத்து. யூரிக் ஆசிட் வலி பெரும்பாலும் ராத்திரியில் திடீரென்று கால் பெருவிரலில் சிவந்து வீங்கி உயிர் போகிற மாதிரி வரும், சில நாளில் அடங்கும். ரெண்டு கை விரல்களும் வாரக்கணக்கில் வீங்கிக் கிடப்பது அதுவல்ல. புகைபிடிக்கிற ஆண்களுக்குச் சரவாங்கி வருகிற வாய்ப்பு, பிடிக்காதவர்களைவிட ஏறக்குறைய ரெண்டு மடங்கு. பெண்களுக்கும் புகை ஆபத்துதான், ஆனால் ஆண்களிடம் அந்தத் தொடர்பு இன்னும் அழுத்தமாகத் தெரிகிறது. கல் உடைக்கிற, கல் அறுக்கிற இடத்துத் தூசியில் உள்ள சிலிக்காவும் ஒரு காரணம் என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. புதுக்கோட்டைப் பக்கம் குவாரிகளில் வேலை பார்ப்பவர்கள் இதைத் தெரிந்துவைத்துக்கொள்ள வேண்டும். ஆண்களுக்கு இந்த நோய் வந்தால் நுரையீரல் தழும்பாகி இறுகிப்போவதும், தோலுக்கடியில் முழங்கைப் பக்கம் கட்டி கட்டியாக வருவதும் பெண்களைவிட அதிகம். ஆகவே கை வலியோடு வறட்டு இருமலும், மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குவதும் சேர்ந்தால், பீடி குடிக்கிறவனுக்கு இருமல் இருக்கத்தான் செய்யும் என்று விட்டுவிடக் கூடாது. "இது பொம்பளைங்களுக்கு வர்ற வியாதி" என்று நினைத்து ஆண்கள் டாக்டரிடம் போகாமல் இருப்பதும் நடக்கிறது. மூன்றில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் குறைவு என்றாலும் ஆண்களும் இந்த வரிசையில் நிற்கிறார்கள்.

மருந்து தொடங்கிய பிறகும் வித்தியாசம் போவதில்லை. 25 நாடுகளில் சுமார் ஆறாயிரம் நோயாளிகளைப் பார்த்து 2009-ல் ஒரு பெரிய ஆய்வு வெளிவந்தது. நோய் முழுதாக அடங்கிய நிலையில் இருந்தவர்கள் ஆண்களில் 30 சதவீதம், பெண்களில் 17 சதவீதம்தான். இதில் ஒரு பகுதி அளக்கிற முறையால் வருவது. நோயின் தீவிரத்தை அளக்கும்போது 28 மூட்டுகளைத் தொட்டுப் பார்த்து, ஈ.எஸ்.ஆர். அளவையும், நோயாளியே தன் நிலையைப் பற்றிச் சொல்வதையும் சேர்த்து ஒரு மதிப்பெண் போடுகிறார்கள். பெண்களின் ஈ.எஸ்.ஆர். இயல்பாகவே கூடுதல் என்பதால் மதிப்பெண்ணும் கூடிவிடும். ஆனால் அளவுகோல்தான் காரணம் என்று சொல்லி முழுக்கவும் ஒதுக்கிவிட முடியாது. வீக்கம் அடங்கின பிறகும் வலியும் அசதியும் பெண்களுக்குக் கூடுதலாக நீடிக்கிறது. அந்த அசதியோடு வீட்டு வேலையை வேறு யார் செய்வது என்ற கேள்விக்கு நம் வீடுகளில் பதில் கிடையாது.

கார்ட்டிசோன் வகை மருந்து, அதாவது ஸ்டீராய்டு பற்றிச் சொல்வதாகச் சொன்னேன். டாக்டர் சரியான அளவில், சரியான காலத்துக்குக் கொடுத்தால் அது தேவையான மருந்துதான். ஆனால் ஊர் ஊராக வருகிற ஆள் விற்கிற மூட்டுவலிப் பொடி, பெயர் ஒட்டாத மாத்திரை, "ஒரே ஊசியில நிக்கும்" என்று போடுகிற ஊசி, இதிலெல்லாம் என்ன இருக்கிறது என்று யாருக்குத் தெரியும்? ரெண்டே நாளில் கை லேசாகிவிடுகிறது, ஊர் முழுக்கப் பேர் பரவுகிறது. சில மாதங்களில் முகம் உப்பி, சுகர் ஏறி, எங்களிடம்தான் வருகிறார்கள். மாதவிடாய் நின்ற பெண்களுக்கு எலும்பு ஏற்கெனவே இளைத்துக்கொண்டிருக்கும். சரவாங்கியும் எலும்பை இளைக்க வைக்கும். அதற்கு மேல் ஸ்டீராய்டும் சேர்ந்தால் குளியலறையில் லேசாக வழுக்கினாலே இடுப்பு எலும்பு முறிகிறது. திடீரென்று நிறுத்தினாலும் ஆபத்து. இப்படிப் பொடி சாப்பிடுகிறவர்கள் டாக்டரிடம் அதைச் சொல்ல வெட்கப்படுகிறார்கள். தயவுசெய்து சொல்லுங்கள், அந்தப் பொட்டலத்தையே எடுத்துக்கொண்டு போங்கள்.

முடக்கத்தான் கீரையைப் பற்றியும் கேட்பீர்கள். தோசை மாவில் அரைத்து ஊற்றிச் சாப்பிடுங்கள், நல்ல கீரை, எங்கள் வீட்டிலும் வாரம் ஒரு தடவை உண்டு. எலும்பை அரிப்பதை நிறுத்துகிற மருந்துக்குப் பதிலாக அதை நம்பி மாதங்களை விடாதீர்கள், அவ்வளவுதான் நான் சொல்வது.

அந்த மருந்துகளில் முதலாவது மெத்தோட்ரெக்ஸேட். இதை வாரத்துக்கு ஒரே ஒரு நாள்தான் சாப்பிட வேண்டும். தினமும் இல்லை. இதைக் கொட்டை எழுத்தில் உங்கள் நாளிதழ் போட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். சீட்டு படிக்கத் தெரியாத வயதான ஒரு அம்மா சுகர் மாத்திரையோடு சேர்த்துத் தினமும் போட்டு, வாய் முழுக்கப் புண்ணாகி, வெள்ளணுவும் தட்டணுவும் அடியோடு இறங்கின ரிப்போர்ட்டை நான் அடித்திருக்கிறேன். உயிரே போகக்கூடிய தவறு அது. "செவ்வாய்க்கிழமை மாத்திரை" என்று அட்டையில் எழுதி, சுகர் மாத்திரை டப்பாவில் வைக்காமல் தனியாக வையுங்கள். கூடவே டாக்டர் தருகிற ஃபோலிக் ஆசிடை விடாதீர்கள். சொன்ன இடைவெளியில் ரத்த அணு, கல்லீரல் டெஸ்ட் எடுங்கள். மது குடிக்கிற ஆண்கள் அதை ஒளிக்காமல் டாக்டரிடம் சொல்லுங்கள், கல்லீரல் ரெண்டு பக்கமும் அடி வாங்கும்.

கர்ப்பம் தரிக்க நினைக்கிற பெண் மெத்தோட்ரெக்ஸேட் சாப்பிடக் கூடாது. பொதுவாக ஒன்று முதல் மூன்று மாதம் முன்பே நிறுத்திவிட வேண்டும், டாக்டர் சொல்லி. கருவுக்குக் கேடு. அதற்காகப் பிள்ளையே பெற முடியாது என்று அர்த்தம் இல்லை. கர்ப்ப காலத்திலும் தொடரக்கூடிய ஹைட்ராக்ஸிகுளோரோகுயின், சல்ஃபாசலசின் போன்ற மருந்துகள் இருக்கின்றன. முன்கூட்டியே சொல்லித் திட்டமிட்டால் போதும். சல்ஃபாசலசின் சாப்பிடுகிற ஆண்களுக்கு விந்தணு எண்ணிக்கை குறையலாம், மருந்தை நிறுத்தினால் திரும்பிவிடும். இதைத் தெரியாமல் பிள்ளை இல்லை என்று மனைவியை மட்டும் டெஸ்டுக்கு அனுப்பிக்கொண்டிருக்கிற குடும்பங்கள் இருக்கக்கூடும் என்பதால் எழுதுகிறேன்.

இதைவிட மனசு கனக்கிற விஷயம் ஒன்று. கல்யாணமாகாத பெண்ணுக்கு இந்த நோய் இருந்தால் வெளியே தெரியக் கூடாது என்று காரைக்குடிப் பெண்ணைத் திருச்சியிலும், தேவகோட்டைப் பெண்ணை எங்களிடமும் கொண்டுவந்து ரத்தம் கொடுக்கிறார்கள். ரிப்போர்ட்டில் பேரை மாற்றிப் போட முடியுமா என்று கேட்ட அப்பாக்கள் உண்டு. மாப்பிள்ளை வீட்டுக்குத் தெரியாமல் இருக்க மாத்திரையை நிறுத்திவிட்டுக் கல்யாணம் முடிக்கிறார்கள். ஆறு மாதத்தில் விரல் முழுக்க வீங்கி அந்தப் பெண் திரும்பி வருகிறாள். பரம்பரையாக வந்துவிடும் என்று பயப்படுகிறார்களே, உருவத்தில் அச்சாக ஒரே மாதிரி இருக்கிற, ஒரே கருவில் பிரிந்த இரட்டையரில் ஒருத்தருக்கு இந்த நோய் இருந்தால்கூட மற்றவருக்கும் வருவது நூற்றுக்குப் பதினைந்து பேர் அளவில்தான். மீதி எண்பத்தைந்து பேருக்கு வருவதில்லை. இதை எந்தச் சம்பந்தி வீட்டிலும் தைரியமாகச் சொல்லலாம். மருந்து ஒழுங்காகச் சாப்பிடுகிற பெண் வேலைக்குப் போகலாம், பிள்ளை பெறலாம், எல்லாம் செய்யலாம். நிறுத்தினால்தான் கஷ்டம்.

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. 2021 ஆகஸ்டிலிருந்து "மக்களைத் தேடி மருத்துவம்" திட்டத்தில் வீட்டுக்கே வந்து பி.பி., சுகர் பார்த்து மாத்திரை கொடுக்கிறார்கள், இயன்முறை சிகிச்சையும் உண்டு. வருகிறவர்கள் பெரும்பாலும் நம் ஊர்ப் பெண்களே. அவர்கள் இன்னும் ரெண்டு கேள்வி சேர்த்துக் கேட்டால் போதும்: காலையில் விரல் மடக்க வருகிறதா, இளக எவ்வளவு நேரம் ஆகிறது? சந்தேகம் இருந்தால் கையைக் குலுக்குகிற மாதிரி பிடித்து விரல் முட்டி வரிசையைப் பக்கவாட்டில் லேசாக அழுத்திப் பார்க்கலாம், சுளீர் என்று வலித்தால் டாக்டரிடம் அனுப்பலாம். இதற்கு மெஷின் வேண்டாம். காலையில் அவர்கள் போகிற நேரமும் விரல் விறைத்திருக்கிற நேரமும் ஒன்றாக இருப்பது எவ்வளவு வசதி!

அப்புறம், ஆன்ட்டி சி.சி.பி. டெஸ்ட் காரைக்குடி, தேவகோட்டை மாதிரி ஊர்களின் அரசு மருத்துவமனைகளிலேயே இலவசமாகக் கிடைக்க வேண்டும். வாரத்தில் ஒரு நாளாவது வாதநோய் நிபுணர் ஒருவர் எங்கள் பக்கம் வந்து உட்காருகிற ஏற்பாடு வேண்டும். இப்போது எங்களிடம் ரிப்போர்ட் வாங்குகிறவர்கள் மதுரைக்கோ திருச்சிக்கோதான் பஸ் ஏறுகிறார்கள். விடியற்காலை பஸ்ஸில் மேல் கம்பியைப் பிடிக்க முடியாத கையோடு நின்றுகொண்டு போகிற பெண்ணுக்கு அந்தப் பயணமே ஒரு தண்டனை. கூட வர ஆள் கிடைக்காத மாதம் போகாமலே விட்டுவிடுகிறார்கள், மருந்தும் நின்றுவிடுகிறது.

உங்களிடம் கேட்பது ஒன்றுதான். மருத்துவப் பக்கத்தில் சரவாங்கிக்கு மட்டும் தனியாக ஒரு முழுக் கட்டுரை, ஒரு வாதநோய் நிபுணரை வைத்து எழுதிப் போடுங்கள். பெண்களுக்கு எப்படி வரும், ஆண்களுக்கு எப்படி வரும் என்று பிரித்து எழுதச் சொல்லுங்கள். வீங்கிய விரல் முட்டியின் படம் ஒன்று, தேய்மான விரலின் படம் ஒன்று, பக்கத்தில் பக்கத்தில். அதை வெட்டி எங்கள் நிலையத்தில், ரத்தம் கொடுக்கிறவர்கள் உட்காருகிற நாற்காலிக்கு எதிர்ச் சுவரில் ஒட்டுவதாக இருக்கிறேன்.

இப்படிக்கு,
ரத்தப் பரிசோதனை நிலைய ஊழியர் ஒருவர்,
காரைக்குடி.
(பெயர் வெளியிட வேண்டாம்.)